சுவருக்குள் கால்பங்கு காற்று

நாகர்கோவிலில் இருந்தோ மார்த்தாண்டத்தில் இருந்தோ திருவனந்தபுரம் போகிறவர்களுக்குத் தம்பானூர் என்றால் பஸ் ஸ்டாண்டும் ரயில் நிலையமும்தான். அவை இரண்டுக்கும் பக்கத்திலேயே செங்கல் நிறத்தில் உருண்டையாக ஒரு கட்டிடம் நிற்கிறது. வெளிச்சுவர் முழுக்க வரிசை வரிசையாகத் துளைகள். உள்ளே மாடிப்படி கிடையாது. நடுவில் வட்டமான ஒரு கூடு. அதைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறிப்போகும் சரிவான தளம். ஓரத்தில் சுவரோடு சேர்த்தே கட்டிய மேஜைகளும் இருக்கைகளும். விசிறித் தலைப்பாகை அணிந்த பரிமாறுபவர்கள் பீட்ரூட் மசாலா வைத்த தோசையோடு அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறார்கள். இதுதான் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்.

கடையை நடத்துவது தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம். 1957இல் காபி போர்டு தன் காபிக் கடைகளை மூடியபோது வேலை இழந்தவர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனின் முன்முயற்சியில் ஒன்றுசேர்ந்து கடைகளைத் தாங்களே எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். கேரளத்தில் முதல் கடை 1958இல் திருச்சூரில் திறந்தது. தம்பானூர்க் கட்டிடத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர். நெருக்கடியான சின்ன மனை, அளவான பணம், நாள் முழுக்கக் கூட்டம். இந்த மூன்றுக்கும் சேர்த்து அவர் கண்ட விடைதான் அந்தச் சுழல்.

சேவை அமைப்புகளும் தொழில்நுட்பமும் என்று பேச்செடுத்தால் கணினி, செயலி, நன்கொடைக்கான கியூஆர் அட்டை என்றுதான் மனம் போகும். திருவனந்தபுரத்தில் இதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது. செங்கல்லை எப்படித் திருப்பி வைப்பது, கான்கிரீட்டை எந்த இடத்தில் போடாமல் விடுவது என்பதையே தன் தொழில்நுட்பமாக எடுத்துக்கொண்ட ஓர் அமைப்பின் கதை அது. அமைப்பின் பெயர் காஸ்ட்ஃபோர்டு. ஊரக வளர்ச்சிக்கான அறிவியல் தொழில்நுட்ப மையம் என்று விரித்துச் சொல்லலாம். 1985இல் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு. கேரள முதல்வராக இருந்த சி.அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ், டி.ஆர்.சந்திரதத், லாரி பேக்கர் ஆகியோர் அதை உருவாக்கியவர்கள்.

பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவ உதவிக் குழுவோடு சீனாவுக்குப் போய், ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காக பம்பாயில் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்தார். ஒரு நல்ல வீட்டுக்கான பொருள்கள் ஐந்து மைல் சுற்றுவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் அவரை விடவே இல்லை. பிறகு தொழுநோயாளிகளுக்கான பணியில் இந்தியா வந்து, மருத்துவர் எலிசபெத்தை மணந்து, இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1960களில் இருவரும் கேரளம் வந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்ற பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டும் வேலை அவரிடம் வந்தது. அந்த மையத்தை நிறுவிய கே.என்.ராஜும், அப்போது முதல்வராக இருந்த அச்சுத மேனனும் பேக்கரின் வேலையைக் கண்ணால் பார்த்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பிறந்த காஸ்ட்ஃபோர்டுக்கு விதை அங்கே விழுந்தது.

குறைந்த செலவில் கட்டுவதற்கு ஏன் தனியாக ஓர் அமைப்பு? கட்டிடக் கலைஞர் ஒருவரே செய்துவிட முடியாதா? கட்டணம் எப்படிப் பேசப்படுகிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம் என்பதுதான் பரவலான வழக்கம். வீட்டின் செலவைக் குறைத்தால் வடிவமைத்தவரின் வருமானமும் குறையும். ஒப்பந்தக்காரருக்கும் அப்படியே, சிமென்ட் விற்பவருக்கோ சொல்லவே வேண்டாம். சிக்கனத்தால் லாபம் அடைகிறவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவருக்கோ கட்டுமானம் தெரியாது. பிரித்துக்கொள்ள வேண்டிய லாபம் என்று ஒன்று இல்லாத அமைப்பால்தான் இந்த இடத்தில் வீட்டுக்காரர் பக்கம் நின்று கணக்குப் போட முடியும்.

அந்தக் கணக்கைச் சுவரில் தொடங்கலாம். ஒன்பது அங்குலச் சுவரை நம் கொத்தனார்கள் செங்கல்லைப் படுக்கவைத்துக் கட்டுவார்கள். பேக்கர் பரப்பிய முறையில் கல் படுப்பதில்லை, விளிம்பில் நிற்கிறது. உள்முகத்துக்கு ஒரு கல், வெளிமுகத்துக்கு ஒரு கல், இரண்டையும் பிணைக்கக் குறுக்கே ஒரு கல். நடுவில் ஒரு குழி அகப்படுகிறது. எலிப்பொறிக் கட்டு என்று இதற்குப் பெயர். இங்கிலாந்தில் முன்பே வழக்கத்தில் இருந்த முறை இது. பேக்கரின் கண்டுபிடிப்பு கிடையாது. கேரளத்தில் அதை ஊன்றவைத்ததுதான் அவர் செய்தது.

கல்லின் அளவு 23 × 11 × 7.5 சென்டிமீட்டர், கலவைக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். படுக்கவைத்துக் கட்டும் சுவரில் ஒவ்வொரு வரியும் எட்டரை சென்டிமீட்டர் உயரும்; ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 98 கல் பிடிக்கும். நிறுத்திக் கட்டினால் வரி ஒன்று 12 சென்டிமீட்டர் உயரும். 77 கல்லிலேயே அதே சதுர மீட்டர் முடிந்துவிடும். சுவரின் தடிமன் இரண்டிலும் ஒன்றுதான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கல் மிச்சம், அதற்கு ஏற்பக் கலவையும் மிச்சம். அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? குழியின் அகலம் எட்டு சென்டிமீட்டர். நீளத்தையும் சேர்த்துப் பார்த்தால் சுவரின் கனஅளவில் கால்பங்குக்கு அருகே வெறும் காற்று.

வெறும் காற்று என்றாலும் அது சும்மா இருப்பதில்லை. அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதில் செங்கல்லைவிட இருபது மடங்குக்கு மேல் மந்தமானது. வெயிலில் காயும் வெளிக்கல்லின் சூடு உள்கல்லைத் தொட வேண்டுமானால் இந்தக் குழியைத் தாண்டியாக வேண்டும். குழிக்குள் காற்று கொஞ்சம் சுழலும். வெப்பக் கதிர்வீச்சும் தாண்டும். குறுக்குக் கற்கள் வழியாக நேராகவும் சூடு கடக்கும். அதனால் இருபது மடங்கு குளுமை வந்துவிடாது. ஆனாலும் குறைந்த கல்லில் கட்டிய சுவர் அதிகக் கல்லில் கட்டிய சுவரைவிடச் சூட்டைக் கூடுதலாகத் தடுக்கிறது என்பது உண்மை. மின்குழாய்களை அந்தக் குழிக்குள்ளேயே இறக்கிவிடலாம். வேண்டிய இடங்களில் செங்குத்துக் கம்பி நிறுத்தி, கான்கிரீட் ஊற்றிச் சுவரை உறுதிப்படுத்தவும் அது இடம் தருகிறது.

இந்தச் சுவரின் தரம் கொத்தனாரின் கையில் இருக்கிறது. கலவை குழிக்குள் விழுந்தால் மிச்சமும் போச்சு, காற்றுத் தடுப்பும் போச்சு. அதனால் குழியின் அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டை வெட்டி வைத்திருப்பார். வரி முடிந்ததும் பலகையைக் குழியின் மேல் வைத்து மூடி, இரண்டு பக்கக் கற்களின் விளிம்பிலும் கலவையைப் பரப்பி, பலகையை நகர்த்திக்கொண்டே போவார். கீழ்வரியில் குறுக்குக் கல் வந்த இடத்துக்கு மேல் இந்த வரியில் குறுக்குக் கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூலைகளிலும், ஜன்னலுக்கு அடியிலும், தளம் வந்து உட்காரும் வரியிலும் குழி விடாமல் அடைத்துக் கட்ட வேண்டும். பூச்சு இல்லாமல் விடும் சுவர் என்பதால் கோணலை மறைக்க வழி இல்லை. பழகாத கை முதலில் தடுமாறும். இரண்டு மூன்று நாளில் பிடிபட்டுவிடும்.

அடுத்தது கூரை. கான்கிரீட் தளத்தில் பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தொய்கிறது. தொய்யும்போது மேல்பகுதி நெருக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. தடித்த ரப்பர் துண்டு ஒன்றை வளைத்தால் மேலே சுருக்கம் விழுந்து கீழே விரிவதைப் பார்க்கலாம், அதே கதைதான். கான்கிரீட் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையைத் தாங்கும் வலுவோ அதில் பத்தில் ஒரு பங்குதான். அதற்காகத்தான் கீழ்ப்பகுதியில் கம்பி கட்டுகிறோம். அங்கே இழுவையைத் தாங்குவது கம்பி; அதைச் சுற்றியுள்ள கான்கிரீட் கம்பியைப் பிடித்துக்கொண்டு துருப்பிடிக்காமல் காப்பதோடு சரி. ஆனால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்? ஏறத்தாழ வெறும் சுமை.

அந்தச் சுமையும் லேசானதில்லை. ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2,400 கிலோ. பத்து சென்டிமீட்டர் தளத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரும் 240 கிலோ எடை. தளம் தாங்கும் பாரத்தில் பெரும்பங்கு மனிதர்களோ கட்டிலோ அலமாரியோ இல்லை, தளத்தின் சொந்த எடைதான். பேக்கரும் காஸ்ட்ஃபோர்டும் கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்து, அதன்மேல் கான்கிரீட் ஊற்றினார்கள். தேவையில்லாத கான்கிரீட் இருந்த இடத்தை ஓடும், இரண்டு ஓடுகளுக்கு இடையே அடைபட்ட காற்றும் பிடித்துக்கொண்டன. கான்கிரீட்டில் கால்பங்கு வரை குறைகிறது. எடை குறைவதால் கம்பியும் கொஞ்சம் குறைகிறது. கீழே இருந்து பார்த்தால் ஓடுகளே கூரைக்கு அலங்காரமாகத் தெரியும். ஓட்டை முன்கூட்டியே நீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட் இறுகத் தேவையான நீரை ஓடு உறிஞ்சிக்கொள்ளும்.

மூன்றாவது நுட்பத்துக்குத் தம்பானூரிலேயே சாட்சி இருக்கிறது: காபி ஹவுஸின் துளைச்சுவர். ஜாலி என்று இதைச் சொல்வார்கள். திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டுக்கு எட்டரை டிகிரி வடக்கே, கடலோரத்தில் இருக்கும் ஊர். அங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைப் படுத்தும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலும் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியானால் 2,400 ஜூல் வெப்பம் போகும். வியர்வையால் மட்டுமே அத்தனையும் வெளியேற வேண்டுமானால் மணிக்கு 150 கிராம் ஆவியாக வேண்டும். ஈரக்காற்று உடலைச் சுற்றி அசையாமல் நின்றால் அது நடக்காது. வியர்வை வழியுமே தவிர உலராது. ஆகவே இந்த ஊரில் ஒரு கட்டிடத்தின் முதல் கடமை நிழல் தருவது, அடுத்தது காற்றை ஓடவிடுவது.

துளைச்சுவர் இரண்டையும் ஒருசேரச் செய்கிறது. ஒன்பது அங்குலச் சுவரில் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் துளை விட்டால், சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 19 டிகிரி ஏறியதும் நேர்வெயில் உள்ளே நுழைய முடியாது. இந்த அட்சரேகையில் சூரியன் மணிக்கு ஏறத்தாழ 15 டிகிரி ஏறும். விடிந்து ஒன்றேகால் மணி நேரத்தில் வெயில் வெளியே தடுக்கப்பட்டுவிடும். அதன் பிறகு துளையின் ஓரங்களில் பட்டுச் சிதறிய ஒளி மட்டுமே வரும். கண் கூசாது, படிக்கலாம். கண்ணாடி வேண்டாம், மரச்சட்டம் வேண்டாம், கம்பி வேண்டாம். சுவரே ஜன்னலாகிவிடுவதால் செலவில் பெரிய துண்டு ஒன்று அப்படியே விழுந்துவிடுகிறது.

வட்ட வடிவத்துக்கும் கணக்கு உண்டு. ஒரே பரப்பளவை அடைக்கச் சதுரத்தைவிட வட்டத்துக்கு 11 சதவீதம் குறைவான சுவர் போதும். வளைந்த சுவர் நேர்ச்சுவரைவிடச் சாயாமல் நிற்கும். மாடிப்படியும் நடைவழியும் தனித்தனியாக இடம் கேட்காமல், ஏறும் வழியையே உட்காரும் இடமாக்கிவிட்டது அந்தச் சரிவு. எந்தக் கடைக்காரரும் வாடகை இடத்தைச் சதுர அடியில்தான் எண்ணுவார். தொழிலாளர் சங்கத்துக்கு இந்தச் சேமிப்பின் அருமை தெரிந்திருக்கும்.

இந்த உத்திகள் ஊரெங்கும் போய்ச் சேர்ந்த விதத்தில்தான் அமைப்பின் பங்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பேக்கர் தன் கையாலேயே எழுதி, தன் கையாலேயே படம் வரைந்த சிறு நூல்களைக் காஸ்ட்ஃபோர்டு வெளியிட்டது. வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றி ஒன்று, மண் கட்டுமானம் பற்றி ஒன்று என்று. கோட்டோவியங்களைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டிவிட்டு, பிறகு கூலி கொடுத்து அதையே உள்ளே நிரப்புகிறோமே, தோண்டும்போதே உள்பக்கம் கொட்டினால் என்ன என்பது போன்ற யோசனைகள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கக்கூடிய சரக்கு இதில் எதுவும் கிடையாது. ரகசியமாக வைத்து விற்கவும் முடியாது. தனியார் நிறுவனம் ஒன்றுக்கு அப்படிப்பட்ட அறிவில் முதலீடு செய்யக் காரணமே இல்லை. அறிவு கைமாறுவதையே வெற்றியாக எண்ணும் அமைப்பு ஒன்று கொத்தனார்களைப் பழக்கியது; அவர்கள் அடுத்த வேலைக்குப் போகும்போது நுட்பமும் கூடவே போனது.

அரசும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1980களின் நடுவில் கொல்லத்தில் தொடங்கிய நிர்மிதி கேந்திரம் இதே உத்திகளை எடுத்துக்கொண்டது. மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனமான ஹட்கோ வழியாக அப்படிப்பட்ட கட்டுமான மையங்கள் நாடெங்கும் பரவின. திருவனந்தபுரத்தின் கரிமடம் காலனியில் குடிசைவாசிகளுக்கான அடுக்கு வீடுகளைக் காஸ்ட்ஃபோர்டு கட்டியது. நம் பக்கம் ஆரோவில்லில் 1989இல் உருவான மண் ஆய்வு நிறுவனம், மண்ணோடு ஐந்து சதவீத அளவுக்குச் சிமென்ட் கலந்து, சூளையில் சுடாமல் அழுத்திச் செய்யும் கற்களை வளர்த்தெடுத்தது. குஜராத்தின் கச் பகுதியில் 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹுன்னர்ஷாலா அமைப்பு, உள்ளூரின் வட்ட வடிவ மண்வீட்டு மரபை நிலநடுக்கம் தாங்கும்படி திருத்திக் கட்டப் பழக்கியது.

இவ்வளவு நல்லது என்றால் இன்று தெருவுக்குத் தெரு எலிப்பொறிச் சுவர் ஏன் இல்லை? காரணம் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. இந்தத் தொழில்நுட்பம் பொருளைக் குறைத்து உழைப்பைக் கூட்டுகிறது. சிமென்ட் தட்டுப்பாடும் வேலையில்லாத் திண்டாட்டமும் சேர்ந்திருந்த 1970களின் கேரளத்தில் அது இரட்டை ஆதாயம். சிமென்ட் கம்பெனிக்குப் போகும் பணம் உள்ளூர்க் கூலியாகத் தங்கியது. இன்று நாட்டிலேயே கூலி அதிகமுள்ள மாநிலங்களில் கேரளம் ஒன்று. நின்று நிதானமாகக் கட்டும் சுவரின் ஆதாயத்தில் ஒரு பகுதியைக் கூலியே தின்றுவிடுகிறது. நல்ல செங்கல்லும் அரிதாகிவிட்டது. நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் காக்க 2008இல் கேரளம் இயற்றிய சட்டத்துக்குப் பிறகு களிமண் எடுப்பது எளிதில்லை. கற்கள் ஒரே அளவில் இல்லாவிட்டால் நிறுத்திக் கட்டும் சுவர் நேராக வராது. பூசாத சுவரில் மழைபடும் பக்கம் பாசி பிடிக்கும். துளைகளில் ஒட்டடை சேரும், கொசு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூசாத வீடு என்றால் பணம் போதாமல் பாதியில் நின்ற வீடு என்று உறவினர்கள் நினைப்பார்களே என்ற கூச்சம் இருக்கிறதே, அதற்கு எந்தப் பொறியாளரிடமும் மருந்து இல்லை.

ஆனால் கணக்கில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. சிமென்டின் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல். சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றும்போது அது உடைந்து கரியமில வாயுவை விடுகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ இப்படிப் பறந்துவிடும். எரிபொருளின் புகை இதற்கு மேல். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தொழிலில் இருந்து வருகிறது. சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் கல்லில் இருந்து கிளம்பும் வாயு நிற்காது. அதைப் பிடித்து அடைக்கும் கருவிகளுக்கு உலகெங்கும் பெரும் பணம் செலவாகிறது. இருபது சதவீதம் கல்லையும், தளத்தில் கால்பங்கு கான்கிரீட்டையும் குறைக்கும் வழியோ, எந்தப் புதுக் கருவியும் இல்லாமல் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

வீட்டுக்காரருக்கு வரும் பில்லில் அந்த 44 கிலோவுக்கு விலை கிடையாது. கூலிக்கு விலை உண்டு, கம்பிக்கு விலை உண்டு, காற்றில் கலந்த வாயுவுக்குக் கிடையாது. அதனால்தான் பில்லை மட்டும் பார்த்தால் வழக்கமான சுவருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. 1985இல் காஸ்ட்ஃபோர்டு செய்த வேலையும் இதுவே: பில்லில் ஏறாத வேலையின்மையையும் வீடற்றவர்களையும் கணக்கில் சேர்த்துச் சுவர் எழுப்பியது. அன்று சேர்த்த வரிகள் மாறிவிட்டன என்பதற்காக நுட்பம் காலாவதி ஆகிவிடாது. கூலி ஏறிய ஊரில் கொத்தனாரின் வேகத்தைக் கூட்டும் அச்சுகள் வேண்டும். களிமண் இல்லாத ஊரில் சுடாத கல்லும், இடித்த கட்டிடத்தின் கல்லும் வேண்டும். இவற்றைச் செய்து பார்த்து, விலை வைக்காமல் ஊருக்குச் சொல்ல ஓர் அமைப்பு வேண்டும். சந்தை இதைத் தானாகச் செய்யும் என்று காத்திருந்தால், வாயுவுக்கு யாராவது விலை போடும் வரை காத்திருக்க நேரிடும்.